சித்திரைக்கு வரும் பிள்ளைகளுக்கு மதுரையில் எதைக் காட்டுவது?

குழு: மதுரை வீடு

குமரன்: மாமா, டிக்கெட் கிடைத்துவிட்டது. திருக்கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை மதுரையில் இருப்போம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதுதான் முதல் சித்திரை. கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. நாயக்கர் மகால், காந்தி மியூசியம், கீழடி மூன்றையும் காட்டிவிட்டு, அழகர் ஆற்றில் இறங்குவதை டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாமா?

பெரியம்மா: வாங்க வாங்க. மாடி ரூமைக் கழுவி வைத்துவிட்டேன்.

சாந்தி அத்தை: டி.வி.யிலா? 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் வைகைக்கே வரவில்லை. அப்போது பட்ட ஏக்கம் போதும்டா.

பெரியப்பா: மாப்ளே, மூன்று இடத்துக்கும் கூட்டிப் போ. ஆனால் திருவிழாவை விட்டுவிட்டு மகாலைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பெரிய தூண்கள்தான் தெரியும். 1636இல் அந்த மகாலைக் கட்டிய திருமலை நாயக்கர்தான் இந்தத் திருவிழாவை இன்று நாம் பார்க்கிற மாதிரி ஆக்கியவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் புரியும்.

கவிதா: அவருக்கு முன்னால் சித்திரைத் திருவிழா கிடையாதா பெரியப்பா?

பெரியப்பா: உண்டும்மா, ஆனால் தனித்தனி. மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடந்தன. அழகர் சித்திரையில் மலையிலிருந்து இறங்கி, தேனூர்ப் பக்கம் வைகைக்குப் போவார். நாயக்கர் கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகரை மதுரைக்கு வரவைத்தார் என்பதுதான் வழிவழியாக வருகிற செய்தி. சைவர்களும் வைணவர்களும், சுற்றுப்பட்டு கிராமத்து ஆட்களும் ஒரே சமயத்தில் ஒரே ஊரில் கூடினார்கள். அறுவடை முடிந்து கையில் காசு இருக்கிற நேரம் வேறு.

கவிதா: அப்படி நடந்ததற்குத் தடயம் ஏதாவது இருக்கிறதா?

பெரியப்பா: நீ நடக்கிற தெருதான். தேர் ஓடுவது சித்திரை மாதத்தில், ஓடுகிற தெருவோ மாசி வீதி! விழா மாதம் மாறி முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தெரு தன் பெயரை விடவில்லை. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி. ஆவணி மூலத்தில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா நடக்கிறதே, அதையும் சொல்லு. பிள்ளைகளைக் கோயிலிலிருந்து வெளியே நடத்திக் கூட்டிவந்தாலே பாதிக் கதை முடிந்துவிடும்.

குமரன்: மாசி வீதிக்கு வெளியே வெளி வீதி. அது எந்தத் திருவிழா மாமா?

பெரியப்பா: அது திருவிழா இல்லை. அங்கே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840ஐ ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து ஊரைப் பெரிதாக்கினார். விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்ததுதான்.

இன்னொன்று. தேனூர்க்காரர்களை நாயக்கர் விட்டுவிடவில்லை. ஆற்றில் இறங்கிய மறுநாள் வண்டியூர்ப் பக்கம் வைகையில் அழகர், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கிறாரே, அந்த மண்டபத்தின் பெயரே தேனூர் மண்டபம். 

சாந்தி அத்தை: அண்ணே, பிள்ளைகளுக்கு முதலில் தங்கச்சி கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்த கதையைச் சொல்லுங்கள். அதுதான் மனசில் நிற்கும்.

பெரியப்பா: சொல்லலாம். கூடவே கோயிலுக்குள் கம்பத்தடி மண்டபத்தில் இருக்கிற கல்யாணச் சிற்பத்துக்கு முன்னால் அஞ்சு நிமிஷம் நிறுத்து. நடுவில் மீனாட்சி, நாணத்தில் தலை லேசாகச் சாய்ந்திருக்கும். அவள் கையைச் சொக்கர் பிடித்திருப்பார். பெருமாள் பக்கத்தில் நின்று தாரை வார்ப்பார். விழாவில் அந்த வேலைக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். மக்கள் சொல்லும் கதையில் வருவது அழகர். எனக்கு இரண்டும் வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்றை விடமாட்டேன்.

கவிதா: அம்மன் குதிரை வாகனத்தில் வரும்போது பீட்டர் கொடுத்த தங்க அங்கவடி (சவாரியில் கால் வைக்கும் வளையம்) போடுவார்கள் என்று அப்பா சொல்வார்.

பெரியப்பா: ஆமாம், 1812இலிருந்து 1828 வரை கலெக்டராக இருந்த ரோஸ் பீட்டர். கல் பதித்த தங்கம். வேறு ஊராக இருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இங்கே அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு மதுரையைப் பிடிப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

குமரன்: காந்தி மியூசியத்தையும் இதோடு சேர்க்க முடியுமா? அது எனக்குத் தனியாகத்தான் படுகிறது.

பெரியப்பா: எப்படித் தனி? மியூசியம் இருப்பது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில். 1959இல் நேரு திறந்து வைத்தார். சித்திரைப் பொருட்காட்சி பல வருஷம் நடந்த தமுக்கம் மைதானம் எதிரேதான். தேர் நாளன்று மேலமாசி வீதியில் நில். 1921 செப்டம்பரில் காந்தி தங்கியிருந்த வீடு அந்த வீதியில்தான் இருக்கிறது. இப்போது கீழே கதர்க்கடை. 22ஆம் தேதி காலை அங்கேதான் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். அதை முதலில் பார்த்துவிட்டு, மறுநாள் மியூசியத்தில், சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணிக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்து.

சாந்தி அத்தை: சின்னவன் பயப்பட மாட்டானா அண்ணே?

பெரியப்பா: கையைப் பிடித்துக்கொள், என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

கவிதா: கீழடிக்கு நான் கூட்டிப் போகிறேன். போன தடவை பார்த்ததில் எனக்குப் பிடித்தது, பானை ஓட்டை வட்டமாக உரசிச் செய்த சில்லுகள். பாண்டி ஆட நாம் எடுப்போமே, அதே அளவு. ‘ஆதன்’ என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடும் இருக்கிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் காலம் கி.மு. 580 என்று வந்திருக்கிறது.

பெரியப்பா: அதுவும் வைகைக்கரைதானே. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் மதுரை ஜனம் அலங்கரித்துக்கொண்டு ஓடியதைப் பரிபாடல் பாடுகிறது. பிள்ளைகளைக் கீழடிக்குக் கடைசி நாள் கூட்டிப் போ. ஆற்றில் கால் வைத்துவிட்டு வந்து அந்த ஓடுகளைப் பார்க்கட்டும்.

குமரன்: சரி மாமா, ஒத்துக்கொள்கிறேன். கூட்டத்துக்கு வழி சொல்லுங்கள்.

பெரியப்பா: ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எதிர்சேவைக்கு, அதாவது அழகரை எதிர்கொண்டு வரவேற்க, தல்லாகுளம் போவோம், அங்கே பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க இடம் கிடைக்கும். ஆற்றில் இறங்கும் நேரம் கரையோரம் வேண்டாம். நாம் ராமராயர் மண்டபத்துப் பக்கம் போய்விடுவோம். பக்தர்கள் அழகர் மேல் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

சாந்தி அத்தை: சர்க்கரைச் செம்பு நான் எடுத்து வருகிறேன். செம்பு நிறையச் சர்க்கரை, வாயை வாழை இலையால் மூடி மேலே சூடம். பெரியவள் கையில் கொடுத்து ஏந்தச் சொல்ல வேண்டும்.

குமரன்: திரும்புகிற டிக்கெட்டை, அழகர் பூப்பல்லக்கில் வரும் நாளுக்கு மறுநாளுக்கு மாற்றிவிடுகிறேன்.

பெரியம்மா: அப்படியானால் சின்னவன் அளவை இன்றைக்கே அனுப்பு. அழகர் உடுப்பு தைக்கக் கொடுக்க வேண்டும். புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். விழா நெருங்கிவிட்டால் வாங்க மாட்டார்கள்.

குமரன்: இடுப்பு 22, மார்பு 25 அத்தை. சிவப்புத் துணி போதும், ஜிகினா நிறைய வைக்கச் சொல்லுங்கள் என்று அவனே கேட்கிறான்.