போர்டு போச்சு என்றார்கள், போனது ஒரு கெப்பாசிட்டர்

பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தே நான்கு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் 17-ஆம் தேதி ராத்திரி லேப்டாப் திடீரென்று அணைந்தது. பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் லைட் இல்லை, ஃபேன் சத்தம்கூட இல்லை. 20-ஆம் தேதிக்குள் மூன்று பேருக்கு ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா மொத்தமும் அந்த லேப்டாப்புக்குள்தான்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு மேடம், 16,500 ஆகும், டேட்டாவுக்கு கேரண்டி இல்லை" என்றார்கள். திரும்ப வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ரப்பர் மூடிகள் ஒட்டினபடியே இருந்தன. திறக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பதினாறாயிரம் என்பது எனக்கு ஒன்றரை மாதச் சம்பாத்தியம்.

அங்கிருந்து நேராக மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சை லைன் மாறி, அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டையில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்கு நடந்தேன். மாடியில் ஒரு சின்ன ரூம். உள்ளே இருந்தவர் கோலார் தங்கவயல்காரர், மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்து போகிறவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு பிள்ளைகள் எல்லாம் பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்த குடும்பம்.

அவர் முதலில் கேட்டது லேப்டாப்பை இல்லை. "சார்ஜர் கொண்டாந்தீங்களாக்கா?" என்றார். பிளக்கில் போட்டதும் சார்ஜர் டப்பாவில் பச்சை லைட் எரிந்தது. பின்னை லேப்டாப்பில் சொருகினார், லைட் அணைந்தது. உருவினார், கொஞ்ச நேரத்தில் திரும்ப எரிந்தது. "பாத்தீங்களா, உள்ள எங்கயோ ஷார்ட். சார்ஜர் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்குது." ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் இரண்டே நிமிடத்தில் இவ்வளவு தெரிந்துவிட்டது.

அடுத்துத் திறந்து, பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, டேட்டாவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், ஆள்காட்டி விரல் மாதிரி ஒரு பட்டை. போர்டு செத்தாலும் டேட்டா இதில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. யுஎஸ்பி கேசில் போட்டு அவருடைய கம்ப்யூட்டரில் சொருகியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்திருக்கிறது. போனில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பார்த்தால் கீ அங்கே இருந்தது. டேலி ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. தயவு செய்து எல்லோரும் அந்தக் கீயை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அதன்பிறகு நடந்ததைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜரிலிருந்து 19 வோல்ட் உள்ளே வரும் லைனில் மல்டிமீட்டரின் ஒரு முனை, கிரவுண்டில் இன்னொரு முனை. இரண்டு முனைக்கும் நடுவே கரண்ட் தடையில்லாமல் ஓட வழி இருந்தால் மீட்டர் கத்தும். பீப் என்று விடாமல் கத்தியது. "இது கத்தக் கூடாதுக்கா." போர்டின் மேல் ஐபிஏ ஊற்றினார், கடைகளில் போர்டு கழுவப் பயன்படுத்தும் ஆல்கஹால்தான் அது. பவர் சப்ளையை 1 வோல்ட்டில் வைத்து அந்த லைனுக்கு மெல்லக் கரண்ட் கொடுத்தார். ஷார்ட் ஆன இடம் சூடாகும், அங்கே ஆல்கஹால் முதலில் காயும். போர்டு முழுக்க ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் மட்டும் வட்டமாகக் காய ஆரம்பித்தது. நடுவில் கடுகு அளவில் பழுப்பு நிறத்தில், கரண்டைச் சீராக்கும் ஒரு கெப்பாசிட்டர். சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவியை வைத்து அதை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தால் சத்தம் இல்லை. ஒரு ஸ்க்ராப் போர்டிலிருந்து அதே அளவு எடுத்து வைத்தார். பட்டனை அழுத்தினேன், ஃபேன் சுற்றியது.

2,200 ரூபாய். 18-ஆம் தேதி சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எல்லா போர்டும் இப்படிப் பிழைக்காது என்று அவரே சொன்னார். பிராசஸரே ஷார்ட் ஆகியிருந்தாலோ, தண்ணீர் போய் சிப்புக்கு அடியில் பச்சை பூத்திருந்தாலோ போர்டு மாற்றுவதுதான் வழி. ஆனால் மீட்டரை வைக்காமல் அதை எப்படிச் சொல்ல முடியும்? எந்த பார்ட் கெட்டது என்பது ஒரு சோதனையில் தெரிய வேண்டும். அந்தச் சோதனையை நம் கண்முன் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மடிவாளாவிலிருந்து:

அக்கா, எனக்கு மெஷின் ஓடுது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. ரூம் லைட்டை அணைச்சிட்டு மொபைல் டார்ச்சை ஸ்கிரீன் மேல சாய்ச்சு அடிச்சுப் பார்த்தேன். ரொம்ப மங்கலா பாஸ்வேர்டு கட்டம் தெரிஞ்சது. அப்போ படம் வருது, பின்னாடி வெளிச்சம்தான் வரல. எச்டிஎம்ஐல டிவியோட சேர்த்தா பளிச்சுனு இருக்கு. ரேம் மேல சந்தேகப்பட வேண்டாம்னு ஆச்சு.

இதுவரைக்கும் சரியாத்தான் போனேன். அப்புறம் அவசரப்பட்டு, 15.6 இன்ச்னு மட்டும் சொல்லி 4,200 ரூபாய்க்கு ஸ்கிரீன் பேனல் வாங்கினேன். வந்தது 40 பின், என்னோடது 30 பின், கனெக்டரே சேரல. கழட்டின பேனலோட முதுகுல ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கணும். பழசை எடுத்துக்கிட்டு மறுபடி போனேன். கடைக்காரர் தன்கிட்ட இருந்த 30 பின் பேனலை வெளியில வச்சே கேபிள்ல சொருகினார். அதுவும் கறுப்பு! மூடியை மெதுவா முன்ன பின்ன ஆட்டினார், ஒரு கோணத்துல வெளிச்சம் வந்து போச்சு. மூடி மடங்குற ஹிஞ்ச் வழியா போற கேபிள் தேஞ்சிருக்கு, பேனல்ல கோளாறு ஒண்ணும் இல்ல. கேபிள் 650 ரூபாய்தான். பேனலுக்குப் பணம் திரும்பக் கிடைக்கல, அந்தத் தொகைக்கு வேற சாமான் எடுத்துக்கச் சொன்னாங்க. நல்லா ஓடுற பார்ட்டை ஒரு தடவை மாட்டிப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்கணும்னு இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து:

என் மகளுடைய லேப்டாப்பில் டச்பேட் க்ளிக் ஆகவில்லை. புது டச்பேட் ஆர்டர் போட இருந்தேன். மேஜையில் வைத்தால் லேசாக ஆடுவதைக் கவனித்த பிறகுதான் அடிப்பக்கத்தைத் திறந்தோம். பேட்டரி பூரி மாதிரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடவும் கூடாது, தீப்பிடிக்கும். குப்பை வண்டியிலும் போடாதீர்கள், அந்த வண்டியில் வேலை செய்கிறவர்களும் மனிதர்கள்தானே. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். புதுசு வாங்கும்போது லேப்டாப் மாடலைச் சொன்னால் போதாது, பேட்டரி மேலே உள்ள பார்ட் நம்பரும் வோல்ட்டும் ஒத்துப்போக வேண்டும். பேட்டரியை மாற்றியதும் டச்பேட் தானாகச் சரியாகிவிட்டது.

அக்கா, எஸ்.பி. ரோடில் எந்தக் கடையிலும் போர்டு பார்ப்பார்களா? ரேம் பிரச்சினை என்றால் நாமே பார்க்கலாமா?

அல்சூரிலிருந்து மறுபடியும்:

எல்லாரும் பார்க்க மாட்டார்கள் அண்ணா. நிறைய பேர் பார்ட் மாற்றுவதோடு சரி. "சிப் லெவல் இங்கயே பண்றீங்களா, வெளியில கொடுக்குறீங்களா?" என்று கேளுங்கள். போர்டில் உள்ள சின்ன பார்ட்டையே மாற்றும் வேலைதான் சிப் லெவல். வெளியில் கொடுப்பவர் என்றால் நான் விடமாட்டேன்.

ரேம் நாமே பார்க்கலாம். சார்ஜரை உருவி, பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ரேமை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள், ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். புதுசு வாங்குவதானால் ரேமின் வகையைப் பாருங்கள்: டிடிஆர் 3-க்கு 204 பின், டிடிஆர் 4-க்கு 260, வெட்டு இருக்கும் இடமும் வேறு. சேரவில்லை என்றால் அழுத்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நான் சார்ஜர் வாங்கப் போனபோது பாதிக் கடை மூடியிருந்தது. பில்லில் எந்த பார்ட் மாற்றினார்கள், எத்தனை நாள் கேரண்டி என்று கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் பில்லில் 90 நாள் என்று எழுதி, பக்கத்தில் அந்தப் பழைய கெப்பாசிட்டரையும் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.