மார்ட்டின் லாந்தர்: ஜெர்மனியின் பான் நகரத் தமிழ்ப் பெற்றோர் குழு

மீனா: கிட்டாவுல (பிள்ளையோட மழலையர் பள்ளி) நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. புனித மார்ட்டின் ஊர்வலத்துக்கு லாந்தர் வீட்லயே செஞ்சு எடுத்துட்டு வரணுமாம். நாலு வயசுப் பிள்ளை கையால ஆகுற மாதிரி எது இருக்கு?

சுதா: பலூன் லாந்தர்தான் மீனா, ஊதின பலூன் மேல காகிதம் ஒட்டிச் செய்றது. டிரான்ஸ்பரென்ட் பேப்பரை, அதான் வெளிச்சம் ஊடுருவுற மெல்லிசு கலர் காகிதத்தை, கத்தரிக்க வேண்டாம், ரெண்டு விரல் அகலத்துக்குக் கையாலயே கிழிக்கச் சொல்லு. கிழிச்ச ஓரம் படிஞ்சு ஒட்டும், வெட்டின ஓரம் விறைச்சுக்கிட்டு நிக்கும்.

சுதா: பசைக்கு கிளைஸ்டர் பவுடர் (வால்பேப்பர் ஒட்டுற பசைப்பொடி) 10 கிராம், பச்சைத்தண்ணி 300 மில்லி. தண்ணியைக் கலக்கிக்கிட்டே பவுடரைத் தூவணும், 20 நிமிஷம் ஊறணும். சீக்கிரம் ஆகட்டும்னு வெந்நீர் ஊத்தினா கெட்டுது. அதுல இருக்கிற மெத்தில் செல்லுலோஸ் குளிர்ந்த தண்ணியிலதான் கரையும். பூஞ்சைக்கொல்லி சேர்க்காததா பாத்து வாங்கு, பிள்ளை விரலை வாயில வைக்கும்.

ரவி: எத்தனை அடுக்குக்கா?

சுதா: மூணு, மிஞ்சினா நாலு. அதுக்கு மேல போனா வெளிச்சம் வெளிய வராது. ரெண்டோட நிறுத்தினா பலூனைக் குத்தினதும் உள்வாங்கிடும். முடிச்சைச் சுத்தி ஒரு உள்ளங்கை அகலம் ஒட்டாம விடணும், அதுதான் லாந்தரோட வாய். ரெண்டு நாள் காயட்டும். ஹீட்டர் பக்கத்துல தொங்கவிடாதீங்க, பலூன் விரிஞ்சு ஈரக் காகிதம் பிளந்துக்கும்.

சுதா: காஞ்சப்புறம் வாய் ஓரத்துல எதிரெதிரா ரெண்டு ஓட்டை, தொங்கவிட 30 செ.மீ. கம்பி. ஓட்டை போடுற இடத்துல உள்பக்கம் டேப் ஒட்டிட்டுக் குத்துங்க. இல்லேன்னா பாதி ஊர்வலத்துல கிழிஞ்சு கீழ விழும்.

கஜன்: மெழுகுதிரி வேண்டாம் தங்கச்சி. காத்து அடிச்சால் காகிதம் பத்திப்போடும். பட்டரி போடுற எல்இடி லாந்தர்த்தடி கடையில கிடைக்கும். தடியில தொங்குற பல்ப் லாந்தரின்ட நடுவுக்கு வருதோ எண்டு வீட்டிலயே இருட்டுக்குள்ள பாருங்கோ. மழைக்கு வெளிச்சம் ஊடுருவுற ஒரு பெரிய பிளாஸ்டிக் பையும் கையில இருக்கட்டும், ஏனெண்டால் சாயம் நனைஞ்சு ஜாக்கெட்டில ஊறும்.

மீனா: நன்றிண்ணா. ஊர்வலம் 11ஆம் தேதிதானே?

கஜன்: நோட்டீஸில போட்ட திகதியைப் பாருங்கோ. நவம்பர் 11தான் மார்ட்டின் நாள், ஆனால் ஒவ்வொரு பகுதியும் முன்பின் நாளில வைக்கும். அண்டைக்கே காலமை 11.11க்கு கொலோனில கார்னிவல் தொடக்கம், ரயிலில பிள்ளையோட ஏறவே ஏலாது. வட ஜெர்மனியில இருக்கிற ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்தில எண்டால் 10ஆம் திகதி. அது புரட்டஸ்தாந்து இடம், மார்ட்டின் லூதர் பிறந்த நாள்.

மலர்: லாந்தர் சரி. கதை தெரியாமப் போனா பிள்ளைக்கு ஊர்வலத்துல வர்ற குதிரையும் நெருப்பும் மட்டும்தான் கண்ல படும். முந்தின வாரமே தமிழ்ல சொல்லிடுங்க. மார்ட்டின் 4ஆம் நூற்றாண்டு ரோமப் படைவீரர். பிறந்தது இன்னிக்கு ஹங்கேரியில இருக்கிற சோம்பத்ஹேய். பிரான்ஸ்ல அமியான் நகர வாசல்ல, குளிர்ல நடுங்கின ஒருத்தருக்குத் தன் மேலங்கியை வாளால வெட்டிப் பாதி கொடுத்தார்னு கதை. பின்னால தூர் நகர பிஷப் ஆனார். 397ல இறந்தார், அடக்கம் பண்ணினது நவம்பர் 11.

ரவி: "பேகன் மயிலுக்கு முழுசாக் கொடுத்தாரே, இவர் ஏன் பாதி"ன்னு எங்க வீட்டு வக்கீல் கேப்பா 😄

மலர்: கேக்கட்டும், நல்ல கேள்வி. மறு பாதி பேரரசருக்குச் சொந்தம், அதைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லைன்னு இங்க சொல்றது வழக்கம்.

மலர்: ஜெர்மன் சொல்லிக்கொடுக்கவும் இந்தக் கதை வசதி. டேர் மான்டல் (மேலங்கி), டி லட்டேர்ன (லாந்தர்), டஸ் ப்ஃபேர்ட் (குதிரை): பெயர்ச்சொல்லுக்கு முன்னால வர்ற டேர், டி, டஸ்ங்கிற மூணு ஆர்ட்டிக்கிளும் ஒரே கதையில வந்துடுது. அட்டையில வாள், பழைய துண்டுல மேலங்கி வச்சு நடிக்க விடுங்க. வெட்டும்போது "மார்ட்டின் டைல்ட் டேன் மான்டல்" (மார்ட்டின் மேலங்கியைப் பங்கு போடுறார்)னு சத்தமாச் சொல்லணும். டேர், டேன்னு மாறுறதைப் பிள்ளை காதால பிடிச்சுக்கும். நாம "மேலங்கியை"ன்னு சொல்லின் கடைசியில சேர்க்குறதை அவங்க முன்னால மாத்துறாங்க. டி, டஸ் ரெண்டும் அந்த இடத்துல மாறாது. ஏழு வயசுக்கு மேலன்னா இதை விளக்கலாம், சின்னதுங்களுக்கு வாக்கியம் போதும்.

ரவி: வெக்மன், அந்த மனுஷ உருவ இனிப்பு ரொட்டி, யாராவது செய்றீங்களா? கடையில வாங்குறது காஞ்சு போயிருக்கு.

சுதா: 550 நம்பர் கோதுமை மாவு 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, சர்க்கரை 80, வெண்ணெய் 80, உலர் ஈஸ்ட் 7 கிராம் பாக்கெட் ஒண்ணு, உப்பு ஒரு சிட்டிகை. பிசைஞ்சு ஒரு மணி நேரம் உப்ப விடு, உருவம் செஞ்சப்புறம் இன்னும் 20 நிமிஷம். கை கால் இடைவெளியை நீ நினைக்கிறதை விட ஆழமா வெட்டு. மாவு உப்பும்போது மூடிக்கும், மனுஷன் தலையணை ஆயிடுவான். மேல மஞ்சக்கருவும் பாலும் தடவிட்டு உலர்திராட்சைக் கண்ணை நல்லா அழுத்து, இல்லேன்னா வெந்ததும் உதிரும். 180 டிகிரி, 15லருந்து 20 நிமிஷம். வெக்மன் கையில வைக்கிற களிமண் பைப்பை (புகைக்குழாய்) வேகறதுக்கு முன்னாடியே வயித்துல அமுக்கிடலாம், சூட்டைத் தாங்கும்.

மீனா: ஊர்வலம் முடிஞ்சா வீட்டுக்கு வந்துடலாமா?

கஜன்: பிறகுதானே ஷ்னோர்ட்சன். வீடு வீடாப் போய் பாட்டுப் படிச்சு மிட்டாய் வாங்குறது. கிட்டாவில தாற பாட்டுத்தாளில ரெண்டு பாட்டையாவது முழுக்கப் பாடமாக்குங்கோ. ஹாலோவீன் மாதிரிப் பாடாமல் கையை நீட்டினால் இங்கத்த கிழவிகள் கதவைச் சாத்திப்போடுவினம். லாந்தர் ஒரு கையில எண்டபடியால் மிட்டாய்க்குத் தோள்ப்பை குடுத்து விடுங்கோ.