ரியர் அட்மிரல் பெரியவரா, கொமடோர் பெரியவரா? பத்திரிகையில் எப்படிப் போடுவது?

அச்சக வேலு:
கல்யாணப் பத்திரிகை வேலை. பெண்ணின் தாத்தா கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதிக் கொடுத்த தாளில் "ரியர் அட்மிரல் (ஓய்வு)" என்று போட்டு, அதன்பின் பெயர். ப்ரூஃப் பார்த்த மாமாவோ, "கொமடோர்தானே பெரிசு? இதென்ன பின்னால் நிற்கிற அட்மிரல்?" என்கிறார். நாளை பிளேட் போடணும். கடற்படைக்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய சிக்னல்காரன்:
தம்பி, விசாகப்பட்டினத்தில் கப்பலில் கொடி ஏற்றி இறக்கியவன் நான். மாமா சொல்வது தப்பு. கேப்டன், அவருக்கு மேல் கொமடோர், அதற்கும் மேல்தான் ரியர் அட்மிரல். பிறகு வைஸ் அட்மிரல், அட்மிரல். ராணுவத்தில் மேஜர் ஜெனரல் எவ்வளவோ அவ்வளவு. கார் பிளேட்டில் 2 நட்சத்திரம். கிழக்குக் கடற்படையின் போர்க்கப்பல் அணி முழுவதையும் நடத்துகிறவரே ஒரு ரியர் அட்மிரல்தான். அவர் எந்தக் கப்பலில் இருந்து நடத்துகிறாரோ அதன் மாஸ்டில் அவருடைய கொடி பறக்கும். கொமடோருக்கு ஏற்றுவது நுனி பிளந்த கொடி. தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவோம்.

அந்த 'ரியர்' (பின்) பாய்மரக் காலத்து வழக்கம். பிரிட்டிஷ் படை முன், நடு, பின் என மூன்று அணியாகப் போகும். பின் அணிக்குப் பொறுப்பு இவர். மட்டம் என்று நினைக்காதீர்கள். படை அப்படியே திரும்பினால் அவர் அணிதான் முதலில் மோதும். பிரிட்டனின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சன்கூட 1797-இல் ரியர் அட்மிரல்தான்.

பிரிகேடியர் மகள்:
வேலு அண்ணா, "(ஓய்வு)" பெயருக்குப் பின்னால் வரட்டும். பதவி ஓய்வு பெறுவதில்லை, ஆள்தான் ஓய்வு பெறுகிறார் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்வார். பதவி, பெயர், பதக்கம் இருந்தால் ஏ.வி.எஸ்.எம்., வி.எஸ்.எம். என்று வரிசையாக, கடைசியில் (ஓய்வு). தயவுசெய்து தமிழாக்கி "பின் தளபதி" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பெரியவர் மனசு நோகும்.

பழைய சிக்னல்காரன்:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. மாமாவிடம் இதையும் சொல்லுங்கள் வேலு: நம் செங்கல்பட்டில் பிறந்த கட்டாரி, 1958-இல் கடற்படைத் தலைமைக்கு வந்த முதல் இந்தியர். அப்போது அவரே வைஸ் அட்மிரல்தான். அந்தப் பதவி முழு அட்மிரலாக உயர்ந்தது 1968-இல். ரியர் அட்மிரல் வரை வருவது லேசுப்பட்ட காரியமா?

அச்சக வேலு:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. (ஓய்வு) பின்னால் போயாச்சு. என்னென்ன பதக்கம் என்று தாத்தாவிடமே போனில் கேட்கிறேன்.