நூறு சதவீதத் தேர்ச்சியா, நடந்து செல்லும் தொலைவா: மகளுக்கு எந்த உயர்நிலைப் பள்ளி?

கேள்வி (ஒரு தாய்):
என் மகள் இந்த ஆண்டு தொடக்கப் பள்ளியை முடிக்கிறாள். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு பள்ளிகளுள் ஒன்றில் பொதுத் தேர்வுத் தேர்ச்சி 100 சதவீதம். ஆனால் பேருந்தில் போகவே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மற்றொன்று நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. தேர்ச்சி 88 சதவீதம். உறவினர் அனைவரும் முதல் பள்ளியையே சொல்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
தேர்ச்சி சதவீதம் தேர்வு எழுதியவர்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே, அந்தத் தேர்வுக்குரிய மாணவர் தொகுதியில், உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இறுதித் தேர்வு வரை அங்கேயே படித்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு பள்ளிகளிலும் கேளுங்கள். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளை இடையிலேயே வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் எந்தப் பள்ளியும் 100 காட்டிவிடலாம். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்களா என்பதையும் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே பொறுக்கி எடுக்கும் பள்ளியின் முடிவுகளில், கற்பித்தலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

பதில் 2 (ஒரு தந்தை):
13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அதற்கும் இளையவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். போக வர இரண்டரை மணி நேரம் பயணத்திலேயே போனால், அது தூக்கத்திலிருந்தோ விளையாட்டிலிருந்தோதான் கழியும். என் மகன் விஷயத்தில் இதை நான் கணக்கில் கொள்ளவில்லை; இரண்டாம் ஆண்டிலேயே அவன் பந்தாட்டத்தை விட்டுவிட்டான், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பள்ளி நேரத்துப் பேருந்தில் மகளுடன் ஒருமுறை சென்று பாருங்கள்.

பதில் 3 (ஆசிரியை):
விழா நாளில் போகாமல், சாதாரண வேலை நாளில் அனுமதி பெற்றுச் சென்று பாருங்கள். ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்கினால் என்ன செய்வீர்கள், கேலிக்கு ஆளானால் யாரிடம் வந்து சொல்லலாம் என்று கேளுங்கள். பதில் உடனே, விவரமாக வருகிறதா என்பதே முக்கியம். மகளின் விருப்பத்தை நீங்கள் குறிப்பிடவே இல்லையே! தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் குழந்தையின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12ஆவது பிரிவில் கூறுகிறது.

கேட்டவரின் மறுமொழி:
அனைவருக்கும் நன்றி. இரண்டு இடங்களிலும் விசாரித்தேன். தொலைவிலுள்ள பள்ளியில் அந்த மாணவர் தொகுதியில் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் 96 பேர். தேர்வு எழுதியவர்கள் 71 பேர். அருகிலுள்ள பள்ளியில் சேர்ந்த 75 பேருமே தேர்வு எழுதி, 66 பேர் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். மகளிடம் இன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அருகிலுள்ள பள்ளியின் நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். திங்கட்கிழமை அழைத்துச் செல்கிறேன்.