படகுல லைட் வச்ச காம்பஸ் (திசைகாட்டி) மாத்துறேன், ஒயரிங் எப்படி?

பைக்காரா பக்கம் சின்ன மோட்டார் படகுங்க, மஞ்சு இறங்கினா கரையே தெரியாது, பழைய காம்பஸ்ல எண்ணெய் ஒழுகி பெரிய குமிழி நிக்குது, புதுசுல ரெண்டு ஒயர் தொங்குது, நேரா பேட்டரில குடுத்துரலாமா?

பதில் 1: வேணாம்ணா, பகல்லயும் எரிஞ்சுட்டே கெடக்கும். ராத்திரில படகுக்குப் போடுற நேவிகேஷன் லைட் சுவிட்ச்லேர்ந்து 1 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு எடுங்க. முக்கியமா ரெண்டு ஒயரையும் ஜடை மாதிரி முறுக்கிருங்க, தனித்தனியா ஓடுனா கரண்ட் போறப்ப காந்தப்புலம் வந்து முள்ளு விலகும், முறுக்குனா ரெண்டு புலமும் ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிரும்.

பதில் 2: எல்இடியா இருந்து எரியலன்னா பிளஸ் மைனஸ் மாத்திப் பாருங்க. இரும்பு ஸ்க்ரூ தொடவே தொடாதீங்க, பித்தளைதான்.

கேட்டவர்: முறுக்கிட்டேன். லைட்டை ஆன் ஆஃப் பண்ணிப் பாத்தேன், முள்ளு அசையல. ஆனா பாட்டு ஸ்பீக்கர் பக்கத்துலயே இருக்கு, அதுல இருக்குற காந்தம்தான் முள்ளை இழுக்குது, தள்ளி மாட்டணும்.