படமும் பாட்டும் ரெண்டையுமே ஆயுசு முழுக்க தொழிலா வெச்சுக்க முடியுமா?

பெரம்பூர்_அம்மா:
பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கப்போறா. கர்நாடகப் பாட்டுல வர்ணம்ங்கற பயிற்சிப் பாட்டெல்லாம் தாண்டி கீர்த்தனைக்கு வந்தாச்சு, வரையறதும் அதே அளவு பைத்தியம், ராத்திரி பன்னெண்டு மணிக்கும் லைட்ட அணைக்க மாட்டா. எழும்பூர் கவின் கலைக் கல்லூரில பி.எஃப்.ஏ, அதான் ஓவியப் பட்டப்படிப்பு, சேரணும்ங்கறா, பாட்டையும் விட மாட்டேங்கறா. பாட்டு டீச்சர் ஏதாவது ஒண்ண புடிச்சுக்க சொல்றாங்க, வீட்டுக்காரர் பி.காம் சேருங்கறாரு. ரெண்டையும் கடைசி வரைக்கும் சீரியஸா செஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

மயிலை_ரசிகன்:
இருக்காங்கம்மா, நம்ம மயிலாப்பூர்லயே. பாடகர், ஓவியர் எஸ்.ராஜம், 1919ல பொறந்து 2010ல போனவரு, வீணை எஸ்.பாலசந்தருக்கு அண்ணன். 1934ல வந்த சீதா கல்யாணம் படத்துல சின்ன வயசுலயே ராமரா நடிச்சவரு, அதுக்கப்புறம் உங்க பொண்ணு கேக்கற அதே எழும்பூர் காலேஜ்ல, அப்ப அது ஸ்கூல், ஓவியம் படிச்சாரு, பாட்டு பாபநாசம் சிவன் மாதிரி பெரியவங்க கிட்ட. கோடீஸ்வர ஐயர்னு ஒரு பாடலாசிரியர் 72 மேளத்துலயும், அதாவது எல்லா தாய் ராகத்துலயும், தமிழ்ல கிருதி போட்டிருக்காருல்ல, அதுல 40 விவாதி மேளம், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத ஸ்வரங்கள் அடுத்தடுத்து வர்றது, தோஷம்னு நிறைய பேர் தொடாத ராகங்கள், அத பாடிப் பரப்பினதுல ராஜம் பங்கு ரொம்ப பெருசு. நிறைய வீட்டுல மாட்டியிருக்கற சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) படமும் அவர் வரைஞ்சதுதான். அஜந்தா, சித்தன்னவாசல் பழைய சுவர் ஓவியங்க வழியில மெல்லிசு கோடு, ஏழு ஸ்வரத்தையும் தேவதைங்களா வரைஞ்சிருக்காரு. என் அபிப்ராயம், அவருக்கு ரெண்டும் தனித்தனியா இருக்கல, பாட்டுதான் படத்துக்கு விஷயமே, அதனாலதான் ஒண்ணு இன்னொண்ண தின்னல.

கரித்துண்டு:
நான் பி.எஃப்.ஏ முடிச்சவன். நாலு வருஷம், என்ட்ரன்ஸ்ல வரைஞ்சு காட்டணும், அதுக்கு இப்பவே பென்சில் எடுத்துட்டு எழும்பூர் ஸ்டேஷன், கோயம்பேடு மார்க்கெட்னு ஆள் நடமாடற எடத்துல உக்காந்து வரையச் சொல்லுங்க, போட்டோ பாத்து வரைஞ்சா கை வராது. சப்மிஷன் சமயத்துல ராத்திரி தூக்கமே இருக்காது, சாயந்திரம் சாதகம், அதான் பாட்டுப் பயிற்சி, பண்ணலாம்னு நம்பாதீங்க, காலைல காலேஜுக்கு முன்னாடி பாடறதுதான் நிக்கும். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, டர்பன்டைன் வாடையும் சார்க்கோல் தூசியும் தொண்டைக்கு ஆகாது. வீட்ல வாட்டர்கலரோ இங்க்கோ போதும், ஆயில் வேணும்னா ஜன்னல் தொறந்த எடத்துல.

அடையாறு_67:
ராஜம் கதை சரி, ஆனா அவரு சென்னை வானொலி நிலையத்துல ரொம்ப வருஷம் வேலை பாத்தாரு, மாசச் சம்பளம் வந்துச்சு, அத விட்டுட்டு பேசக் கூடாது. ஓவியருங்களும் அப்படித்தான், 1966ல சென்னை பக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்பிச்சப்ப பத்திக் துணி (மெழுகு வெச்சு சாயம் போடறது) மாதிரி கைவினை வித்துத்தான் படம் வரைஞ்சாங்க. உங்க பொண்ணுக்கும் சோறு போடற மூணாவது வேலை ஒண்ணு வேணும், ஸ்கூல்ல டிராயிங் டீச்சரோ, டிசைன் வேலையோ. அதுக்கு பி.எஃப்.ஏ உதவும், பி.காம் உதவாது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராலயும் ஒரே வளாகத்துல பாட்டும் ஓவியமும் சொல்லித்தராங்க, ஒரு நாள் கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

பெரம்பூர்_அம்மா:
ரொம்ப நன்றி. வீட்டுக்காரர் கிட்ட அந்த டீச்சர் வேலை விஷயத்த சொல்லிப் பாக்கறேன். கரித்துண்டு தம்பி, என்ட்ரன்ஸ்க்கு மனுஷங்கள வரையறது மட்டும் போதுமா, பாத்திரம் பண்டம் வெச்சும் வரையணுமா?

கரித்துண்டு:
ரெண்டும்மா. எவர்சில்வர் குடம் ஒண்ண வெச்சு ஆரம்பிக்கச் சொல்லுங்க, அந்தப் பளபளப்பு வந்துட்டா மத்ததெல்லாம் வரும்.