புதுப்பிப்பு: அந்த வெளிறிய ஜப்பானியப் படங்கள்

ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ரிங்கோ கவாவுச்சி எடுப்பதுபோல் மென்மையாக, வெளிச்சத்தில் மிதக்கிற படங்களை டிஜிட்டல் கேமராவில் எடுப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் பிரீசெட் (ஒரே கிளிக்கில் படத்தின் நிறத்தை மாற்றும் ரெடிமேட் அமைப்பு) வாங்கச் சொன்னீர்கள். தேவைப்படவில்லை.

விஷயம் வெளிச்சத்தில்தான். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும். 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) ஃபிலிமை 100 என்று வைத்து, அதாவது நான்கு மடங்கு ஒளி கொடுத்து எடுத்தாலும் வெள்ளைப் பகுதியில் விவரம் மிஞ்சும். டிஜிட்டலில் வெள்ளை ஒருமுறை வெடித்தால், அதாவது விவரமில்லாமல் வெறும் வெள்ளையாகிவிட்டால், போனதுதான். அதனால் ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), ஜன்னலோர மேகமூட்ட வெளிச்சத்தில், வெள்ளை கெடாத அளவுக்கு மட்டும் ஒளியை ஏற்றி எடுக்கிறேன். வெள்ளைச் சட்டையின் மடிப்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வேன். அப்புறம் கான்ட்ராஸ்டைக் குறைத்து, நிழலைத் தூக்கி, டோன் கர்வில் (எடிட்டிங்கில் ஒளி-இருளை மாற்றும் வளைகோடு) கறுப்பு முனையைக் கொஞ்சம் உயர்த்தினால் சரி. நிழலில் துளி பச்சை கலந்த நீலம். அது தோலில் ஏறினால் ஆள் காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடுவார், ஜாக்கிரதை.

ஃபிலிமிலேயே எடுக்கச் சொன்னவருக்கு: இந்த நிறத்துக்குப் பேர்போன ஃபுஜி புரோ 400ஹெச் தயாரிப்பை 2021-இல் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் மீதி கிடைத்தாலும் விலை அநியாயம். கோடாக்கின் போர்ட்ரா 400 ஃபிலிம் நல்லதுதான், ஆனால் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும்.